கடல் கடந்த சோறு

அயல்நாடு சென்று மீண்டோர் அந்நாட்டின் வானளாவிய மாளிகைகளையும் அகன்ற சாலைகளையும் விரித்துரைத்தல் வழக்கம். எம்மை வினவினால் அவை பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணில் நின்றவை சிலவே. நாவில் நின்றவையே மிகுதி.

2015ஆம் ஆண்டு சனவரித் திங்கள் இறுதியில், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற ஒன்பதாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் கட்டுரை படிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. முதல் நாள் காலை விடுதிக்கு எதிரே இருந்த கடையில் தேநீர் கேட்டோம். கையைத் தலைக்குமேல் உயர்த்தி, ஒரு குவளையிலிருந்து மற்றொன்றிற்கு நீளமாக ஆற்றி, நுரை ததும்பத் தந்தார்கள். 'தே தாரிக்' என்பது அதன் பெயர். தாரிக் என்றால் மலாய் மொழியில் இழுத்தல். கெட்டிப்பாலின் இனிப்பு நாவில் ஒட்டிக்கொண்டது. பால் வேண்டாமெனில் 'தே ஓ' என்றும், சர்க்கரையும் வேண்டாமெனில் அதனோடு 'கோசோங்' என்றும் சொல்லவேண்டுமாம். கோசோங் என்றால் வெறுமை. இதனை அறியாமல், பரிமாறிய வங்கதேசத்து இளைஞரிடம் நல்ல தமிழில் வேண்டுகோள் விடுத்து, மூன்று நாளும் அந்த இனிப்பையே பருகினோம்.

தமிழாசிரியர்க்கு அந்நாட்டில் உணவினும் சுவை தருவன சொற்கள். நம் கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்'. தமிழ் முசுலிம்கள் நடத்தும் உணவகம் 'மாமாக்' கடை. நம் 'மாமா'தான் அங்கு அவ்வாறு உருமாறி நிற்கிறார். இடியாப்பமோ 'புத்து மாயம்' எனும் பெயரில், துருவிய தேங்காயோடும் பழுப்புச் சர்க்கரையோடும் வருகிறது. மாநாட்டில் யாம் படித்த கட்டுரையைவிட இச்சொற்களைப் பற்றி எழுதியிருந்தால் கேட்போர் உறங்காதிருந்திருப்பர்.

ஆயினும் எம் உள்ளம் நாடியது பினாங்கையே. காரணம் எம் நன்னா. தாயைப் பெற்ற பாட்டனார். இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து 1953இல் நாகப்பட்டினம் சென்று, ரஜுலா கப்பலில் ஏறிப் பினாங்கு போனவர். இடையிடையே சில திங்கள் வந்து தங்கியது தவிர, 1972இல்தான் ஊரோடு மீண்டார். சோற்றுக்கடையில் வேலை செய்தார் என்பது மட்டும் வீட்டார்க்குத் தெரியும். அதற்குமேல் அவர் சொன்னதில்லை.

அவர் உண்ணும் முறை எம் வீட்டில் ஒரு தீராத வழக்கு. மீன்குழம்பு, பருப்பு, முதல்நாள் கறிக்குழம்பு எது இருந்தாலும் அனைத்தையும் சோற்றின்மேல் ஒன்றாக ஊற்றிக்கொள்வார். துண்டுகளைத் தொடமாட்டார். நன்னி பார்த்துப் பார்த்து வைத்த மீன்துண்டு, பேரப்பிள்ளைகளாகிய எம் தட்டிற்கு நகர்ந்துவிடும். எமக்கு அதில் கொண்டாட்டம். நன்னிக்கோ மனத்தாங்கல். "என் கை ருசி அவருக்குப் புடிக்கல. அங்க எவ ஆக்கிப் போட்டாளோ" என்பார். விளையாட்டாகத் தொடங்கும் அப்பேச்சு விளையாட்டாக முடிந்ததில்லை. 1992இல் நன்னா மறைந்தபின்னும் அந்த ஐயம் நன்னியை விட்டகலவில்லை.

மாநாடு முடிந்த மறுநாள் பேருந்தேறிப் பினாங்கு அடைந்தோம். சார்ச் டவுன் நகரின் பழைய பகுதி 2008இல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. அங்கே தமிழ் முசுலிம்களின் பெயரால் 'சூலியா' தெரு இருக்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா இருக்கிறது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. அப்பள்ளியில் லுகர் தொழுதுவிட்டு, அருகிலிருந்த சிறிய சோற்றுக்கடை ஒன்றில் அமர்ந்தோம்.

'நாசி கந்தார்' என்பது அவ்வூரின் புகழ்பெற்ற உணவு. நாசி என்றால் சோறு. கந்தார் என்றால் தோளில் காவிச் செல்லுதல். தண்டின் இருமுனையிலும் சோற்றுக் கூடையும் குழம்புச் சட்டியும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்க்கு நம்மவர் நடந்து விற்ற சோறு அது. இன்று தண்டு மறைந்து பெயர் மட்டும் நிற்கிறது. கோழி, கணவாய், மீன்தலை, மீன்சினை, வெண்டைக்காய் எனத் தட்டுகள் வரிசையாக இருந்தன. பரிமாறுபவர் கோழிக்குழம்பில் ஒரு கரண்டி, மீன்குழம்பில் ஒரு கரண்டி, கணவாயில் ஒரு கரண்டி என அள்ளி எம் சோற்றின்மேல் ஊற்றினார். நிறைய வேண்டுவோர் 'பஞ்சிர்' என்பராம். வெள்ளம் எனப் பொருள். எம் கை சற்றே நின்றது. இது நன்னாவின் தட்டு.

கல்லாவில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் அமர்ந்திருந்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். ஊரைச் சொன்னோம், நன்னாவின் பெயரைச் சொன்னோம். சிறிது நேரம் எம் முகத்தையே பார்த்தார். பதினெட்டு வயதில் இங்கு வந்தபோது தமக்குக் கந்தார் தூக்கப் பழக்கியவர் அவரே என்றார்.

அவரிடம் நன்னா உண்ணும் முறையைச் சொன்னோம். இங்கு பழகிய சுவை போலும் என்றோம். பெரியவர் இல்லையெனத் தலையசைத்தார்.

"ருசி இல்லை தம்பி. துண்டுக்கு மொதலாளி கணக்கு வச்சிருப்பாரு. இத்தனை கோழி, இத்தனை மீனுன்னு. ராத்திரி அதுக்குக் காசு சேரணும். கொழம்புக்குக் கணக்கு கெடையாது. எல்லாச் சட்டியையும் வழிச்சு ஒண்ணாக் கொட்டி, மிஞ்சுன சோத்துல போட்டுத் திம்போம். உங்க நன்னா துண்ட எடுத்து நான் பாத்ததில்ல. கடை மாடியிலதான் படுக்கை. மாசம் பொறந்தா ஊருக்குப் பணம் அனுப்பிருவாரு."

யாம் உண்ட சோற்றுக்கு அவர் காசு வாங்க மறுத்தார். யாம் வற்புறுத்தினோம். இறுதியில் தேநீருக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் நன்னியிடம் இதனைச் சொல்லலாமா எனத் தயங்கினோம். எம் அன்னை வேண்டாம் என்றார். எண்பதைக் கடந்த வயதில் ஏன் கலக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நான்கு நாள் சென்றபின், அன்னை இல்லாத வேளையில் சொல்லிவிட்டோம். நன்னி வெற்றிலை இடிப்பதை நிறுத்தவில்லை. முழுதும் கேட்டபின், "அங்க என்ன மீனு ஆக்குறாங்க?" என்றார். தெரிந்ததைச் சொன்னோம். மீண்டும் இடிக்கத் தொடங்கினார்.

அன்றிரவு உணவின்போது எம் தட்டில் இரண்டு மீன்துண்டுகள் விழுந்தன. ஒன்று போதும் என்றோம்.

"தின்னுடா" என்றார் நன்னி. பிறகு, எம்மிடம் கேட்பது போலவும் இல்லாமல், "இங்க வந்தப்புறமாச்சும் எடுத்துத் தின்னுருக்கலாம்ல, இங்க யாரு கணக்குப் பாத்தா?" என்றார்.