எண்ணாமல் ஏந்திய கைகளுக்கு

1966-இல் சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் (கேகே) மருத்துவமனையில் பேறு பார்த்த தாதியருக்கும் மருத்துவச்சிகளுக்கும்,

அம்மாமார்களே,

உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. என் பெயர் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. நீங்கள் என்னைத் தூக்கியபோது எனக்குப் பெயரே வைத்திருக்கவில்லை. அந்த ஓராண்டில் மட்டும் உங்கள் மருத்துவமனையில் 39,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. இப்போது என் மகளுக்கு நிறைமாதம். உங்கள் பழைய கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதிய கட்டடத்தில்தான் அவளுக்கும் பேறு. முதல் பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் இந்த நாள்களில், வீட்டில் எந்த வேலையைத் தொட்டாலும் எங்கோ ஓரிடத்தில் நீங்கள் வந்து நிற்கிறீர்கள். வாயால் சொல்லாத நன்றி வீட்டுக்குள் கிடந்து பழசாகிவிடும். அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மகளை ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்து வந்துவிட்டோம். நான்கு அறை அடுக்குமாடி வீவக வீடு. அதில் ஓர் அறை முழுக்கக் குட்டிச் சட்டைகள், துணி அணையாடைகள், இன்னும் பிரிக்காத பெட்டிகள். பால்கனி இல்லாத வீட்டில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் பழைய பருத்திப் புடவைகள் துவைத்துக் காய்கின்றன. என் அம்மாவின் புடவைகள். கிழித்துப் பிள்ளைக்கு விரிப்பதற்காக இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தேன். மாப்பிள்ளை மருத்துவமனையில் நடக்கும் பெற்றோர் வகுப்புக்குப் போய், பொம்மையைக் குளிப்பாட்டவும் துணியில் சுற்றவும் படித்துவிட்டு வந்தார். என் கணவர் அதை அவரிடம் கேட்டுக் கேட்டு அணைப்புத் தலையணையில் பழகிப் பார்க்கிறார். தலையணை அழுவதில்லை என்பதால் நன்றாகவே வருகிறது.

தொட்டிலில்தான் சண்டை. பரண்மேல் இருந்த சாரோங் தொட்டிலை என் கணவர் இறக்கி, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டு, கூடத்தில் மாட்டியும்விட்டார். என் மகள் வளர்ந்தது அதில்தான். மகளோ, பிள்ளையை மல்லாக்க, சமமான கெட்டி மெத்தையில்தான் தூங்கவைக்க வேண்டும் என்று தாதி சொன்னதைச் சொல்லி ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் தாதி சொன்னதே வென்றது. இரவும் பகலும் தூக்கத்துக்குக் கட்டில். பிள்ளை கண் திறந்திருக்கும்போது மட்டும், நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தொட்டிலில் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொள்ளலாம். உங்கள் சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் மறுபேச்சு இருந்ததில்லை. அது அம்மா காலத்துப் பழக்கம்.

அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்: "உங்கப்பா ராத்திரி வேலைக்குப் போயிட்டாங்க." அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சந்தர் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். வலி எடுத்ததும் பக்கத்து அறைச் சீனப் பாட்டி டிரைஷாவைப் பிடித்து வந்து, அம்மாவை ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டாராம். மருத்துவமனையில் தாழ்வாரத்திலும் கட்டில்கள். ஒரு பக்கம் மலாயில் முனகல், ஒரு பக்கம் ஹொக்கியனில், ஒரு பக்கம் "அம்மா, அம்மா" என்று தமிழில். உங்களில் ஒருவர், சீனரா யூரேசியரா என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாராம். முக்க வேண்டிய நேரத்தில் மலாயில் "தெரான், தெரான்" என்று அதட்டினாராம். பிள்ளை வந்ததும் அதே கை அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டதாம். நான் நான்காவது பிள்ளை. ஆனாலும் அந்தக் கையைப் பற்றிச் சொல்லும்போது அம்மாவின் குரலில் தலைச்சன் பிள்ளையைப் பெற்றவளின் பூரிப்பு இருக்கும்.

அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். வேறு வழி? நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல் பிறந்தால், ஒருத்தி எழுந்தால்தான் அடுத்தவளுக்கு இடம். ஆனால் அனுப்பியதோடு விட்டுவிடவில்லை. சந்தர் ரோட்டின் செங்குத்தான மரப்படியில் ஏறி வந்து, தொப்புளைப் பார்த்து, தாயின் காய்ச்சலைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். என் அண்ணன்மார் இன்றும் என்னைச் சீண்டுவார்கள்: "அந்தக் கூட்டத்தில் நீ மாறிப்போய் வந்தவள்தான்." அம்மா அதற்கு மட்டும் கோபப்படுவார். என் மணிக்கட்டில் கட்டியிருந்த அடையாளத்தை நீங்கள் இரண்டு முறை சரிபார்த்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்வார்.

வளர்ந்த பிறகுதான் உங்கள் வேலையின் அளவு எனக்குப் புரிந்தது. 1924 அக்டோபர் 1 அன்று அந்த இடம் 30 படுக்கைகளோடு இலவச மகப்பேற்று மருத்துவமனையாகத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, தீவில் பிறந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உங்களிடம்தான் பிறந்தார்கள். 1966-ஆம் ஆண்டின் எண்ணிக்கை கின்னஸ் சாதனையாகப் பத்தாண்டுகள் நின்றது. அங்கே மகப்பேற்று மருத்துவராகப் புகழ்பெற்ற பெஞ்சமின் ஷியர்ஸ் 1971-இல் நாட்டின் அதிபரானார். இன்று கடலோரம் நாங்கள் கடக்கும் பெரிய பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது அவருக்கு உரிய மரியாதை. உங்கள் பெயர் எந்தப் பாலத்திலும் இல்லை. ஒரு நாடு முழுக்க உங்கள் கைவழியே வந்தது என்பதால், இந்த ஊரில் அறுபதை நெருங்குகிற யாரைப் பார்த்தாலும் நான் உங்களைத்தான் பார்க்கிறேன்.

நான் நன்றி சொல்ல நினைப்பது அந்த எண்ணிக்கைக்காக அல்ல.

நான் பிறந்த அதே 1966-இல்தான் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியமும் பிறந்தது. 1972-இல் இரண்டோடு நிறுத்தச் சொல்லும் இயக்கம் வந்தது. ஒரே குடைக்குள் இரண்டு சிறுமிகள் நிற்கும் சுவரொட்டியை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1973 முதல் மூன்றாவது, நான்காவது என்று போகப் போகப் பேற்றுக் கட்டணம் ஏறியது. மூன்றாம் பிள்ளைக்குச் சம்பளத்தோடு விடுப்பு இல்லை. பள்ளியில் சேர்க்கும்போதும் முன்னுரிமை குறைந்தது. இடமில்லாத, வேலையில்லாத சின்னத் தீவு. அரசுக்கு அதன் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கின் நடுவில் 1974-இல் அம்மா ஐந்தாவதாக என் தம்பியைச் சுமந்தார். சந்தையில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள்: "இன்னும் ஒண்ணா?" அம்மா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு நடப்பார். பரிசோதனைக்குப் போன இடத்தில் தாதி மட்டும் அதைக் கேட்கவில்லையாம். வயிற்றில் காதுக்குழலை வைத்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்து, "நல்ல துடிப்பு" என்றாராம். அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த வாக்கியங்களில் அது ஒன்று.

பிறகு கணக்கு தலைகீழானது. 1987-இல், வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். நிறுத்தச் சொன்ன காலத்தில் அம்மா ஐந்து பெற்றார். பெறச் சொன்ன காலத்தில் நான் ஒன்றோடு நின்றேன். அந்த ஒன்றும் 1996-இல் உங்கள் பழைய கட்டடத்தில்தான் பிறந்தது. அடுத்த ஆண்டு மருத்துவமனை புதிய இடத்துக்குப் போய்விட்டது. 2023-இல் தீவு முழுவதும் பிறந்த பிள்ளைகள் ஏறத்தாழ 33,500. நீங்கள் ஒரு மருத்துவமனையில் ஓராண்டில் பார்த்த பேறுகளைவிடக் குறைவு! அந்த ஆண்டுதான் கருவள விகிதம் முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே, 0.97-க்கு இறங்கியது. என் மகளின் பிள்ளைக்கு அரசு 11,000 வெள்ளி குழந்தை போனஸ் தரும். 2025 ஏப்ரல் முதல் தந்தையருக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. மாப்பிள்ளை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார். என் அப்பா வேலை முடிந்து காலையில் வந்துதான் எனக்கு அப்பா ஆனதையே தெரிந்துகொண்டார். போனஸும் விடுப்பும் எங்களுக்குச் சந்தோஷம்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை.

ஆனால் அம்மாமார்களே, பிள்ளை அதிகம் என்ற காலத்திலும் பிள்ளை அரிது என்ற காலத்திலும் மாறாமல் இருந்தது உங்கள் கை ஒன்றுதான். அன்றைக்கு வந்த நூற்றுச் சொச்சத்தில் நான் எத்தனையாவது என்று பார்த்து நீங்கள் என்னைத் தூக்கவில்லை. என் நன்றி அதற்காக.

அந்தக் கை இன்னும் இருக்கிறது. சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது, பேற்றுக்குப் பிறகு காய மருந்து கொடுப்போம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், பனைவெல்லம் என்று தேக்காவின் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அரைத்துவைத்திருந்தேன். சின்ன வயதுத் தாதி. சிரிப்பார் என்று நினைத்தேன். என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மகளுக்குக் கொடுக்கும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றார். மகளின் இரண்டு கையிலும் வளைகாப்பு வளையல்கள். இரத்த அழுத்தம் பார்க்க அவற்றை ஒவ்வொன்றாக மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒன்றைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. உங்களிடம் படித்தவர்களிடம் படித்தவர் போலிருக்கிறது.

தேக்கா சந்தையில் மீன்கடைச் சீனக் கிழவர் என் முகத்தைப் பார்த்ததும், "பால் சுறா எப்போ?" என்று தமிழிலேயே கேட்கிறார். தாய்ப்பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எதிர்வீட்டு மலாய் மக்சிக் (அத்தை), மகளுக்கு வயிற்றில் கட்ட நீளத் துணியும், உருவிவிட வரும் அம்மாவின் கைப்பேசி எண்ணும் கொடுத்துவிட்டார். எம்ஆர்டி ரயிலில் மகள் ஏறினால் மூன்று பேர் எழுந்துகொள்கிறார்கள். தாய்வீடு என்று நாங்கள் சொல்வது இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதையும்தான்.

பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவோம். அங்கே பெரியாச்சி சன்னதியில் பிள்ளையைக் காட்டிவிட்டுத்தான் மற்ற எல்லாம். பெரியாச்சியும் பேறு பார்த்த மருத்துவச்சிதான் என்கிறது கதை. மண்ணில் படாமல் பிள்ளையைக் கையில் உயர்த்திப் பிடித்தவள். சின்ன வயதில் அம்மா என்னை அங்கே கூட்டிப்போய்க் கும்பிடச் சொல்லும்போது, இந்தச் சாமி கேகே ஆஸ்பத்திரியில் வேலை செய்ததா என்று கேட்டேனாம். அம்மா மறுக்கவில்லையாம்.

எங்கள் புளோக்கின் ஏழாவது மாடியில் திருச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கணவனுக்குச் சாங்கியில் வேலை. அவளுக்கும் இது தலைச்சன். அவள் அம்மாவால் ஊரிலிருந்து வர முடியவில்லை. என் மகளுக்கு வைக்கிற பத்தியச் சமையலில் அவளுக்கும் சேர்த்தே உலை வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குத் திருப்பித் தர முடியாததை அப்படித்தான் கொடுத்துக் கழிக்க வேண்டும்.

உங்களுக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். மருத்துவமனை இருந்த இடத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. அந்த வழியே பேருந்தில் போகும்போது உங்கள் பேரப்பிள்ளைகளிடம் அங்கே என்ன செய்தீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் சொல்லுங்கள். அடக்கம் போதும்.

அப்படியே ஓர் அழைப்பும். முப்பதாம் நாள் மதியம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் விருந்து. எங்கள் முகவரியை நான் இங்கே எழுத முடியாது. ஆனால் தேக்காவில் அந்த மீன்கடைக் கிழவரிடம் கேட்டால் வழி சொல்லிவிடுவார். யார் நீங்கள், எந்த ஊர், என்ன சாதி, என்ன மொழி என்று வாசலில் ஒருவரும் கேட்க மாட்டோம். 1966-இல் பேறு பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். முதல் பந்தியில் இலை போட்டு, பிள்ளையை உங்கள் மடியில் வைத்துவிடுகிறோம். சரியாகச் சுற்றியிருக்கிறோமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.


உங்கள் கையில் பிறந்தவள்