அழியாது என்று நான் சொன்ன பக்கம்



2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. அதன்பின் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. "அக்கா, புதிய பதிப்புக்கு மாறிவிடலாமா? பழைய வேலைகள் எல்லாம் அப்படியே இருக்குமா?" கேட்பவர்களுக்கு நான் 2019-ஆம் ஆண்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்வது வழக்கம். பலமுறை வாயால் சொன்னதை இன்று எழுத்திலும் வைக்கிறேன். இதில் பிழை செய்தவள் நானே. ஆதலால் யாரையும் குறை கூறும் நோக்கம் எனக்கு இல்லை.

எங்கள் பள்ளி பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி அமைந்த சிறிய தமிழ்ப்பள்ளி. ஆண்டுதோறும் நவம்பரில் மாணவர் படைப்புகளைத் தொகுத்து ஓர் இதழ் வெளியிடுவோம். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, பிழைதிருத்தம் மூன்றும் பல்லாண்டுகளாக என் பொறுப்பு. 2012-இல் சேமிப்பைத் திரட்டி ஒரு மெக் மடிக்கணினியும், அதே ஆண்டில் வெளியான ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளும் வாங்கியிருந்தேன். ஏழு இதழ்களை அவ்விரண்டும் எனக்குச் செய்து கொடுத்திருந்தன.

அந்த ஆண்டு ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன். நான்காம் ஆண்டில் என்னிடம் வந்தபோது எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறினான். இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் ஓய்வு வேளையில் அவனோடு உட்கார்ந்தேன். ஆறாம் ஆண்டின் இறுதியில், யாருடைய உதவியும் இன்றிப் பதினொரு வரியில் ஒரு கட்டுரை எழுதினான். இளமையில் பால்மரம் சீவப் போன தன் பாட்டி, விடியுமுன் தலையில் கட்டிக்கொண்ட விளக்கைப் பற்றியது அது. அந்த விளக்கு இன்னும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். அவன் வாழ்நாளில் முதன்முதலாக எழுதிய முழுப் பக்கம் அதுதான்.

அதைத் தட்டச்சு செய்துகொண்டு, "இனி இது கணினியில் இருக்கிறது, அழியவே அழியாது" என்று அவனிடம் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், மாணவர்கள் எழுதிக் கொடுத்த நாற்பத்தாறு தாள்களையும் பள்ளியின் மறுசுழற்சித் திட்டத்திற்காகப் பழைய நாளிதழ்க் கட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மேசை தூய்மையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான்!

தீபாவளி விடுமுறையில் கணினித் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. 2019 அக்டோபர் 7-இல் வெளியான கேட்டலினா என்னும் புதிய இயங்குதளம் இலவசமாகக் கிடைக்கும் என்றது. பலகாரத் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் 'சரி' என்று அழுத்தினேன். காப்புநகல் எடுக்கவில்லை. மறுநாள் கணினி அழகாகத் திறந்தது. மின்னஞ்சல் வந்தது, படங்கள் இருந்தன. எல்லாம் நலம் என்றே எண்ணினேன்.

நவம்பர் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை, இதழின் எஞ்சிய பக்கங்களை முடிப்பதற்காக அமர்ந்தேன். வடிவமைப்பு மென்பொருளின் சின்னத்தின் மீது, நுழையாதே என்பது போல், குறுக்குக் கோடிட்ட ஒரு வட்டம் கிடந்தது. அழுத்தினால், மென்பொருளை உருவாக்கியவர் அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்ற செய்தி மட்டும் வந்தது. ஈப்போவில் உள்ள அச்சகத்தார் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் கோப்பு வேண்டும் என்று சொல்லியிருந்தனர். ஆறாம் ஆண்டு மாணவர்கள் பள்ளியை விட்டுப் போவதற்கு ஒன்பது நாள்களே இருந்தன.

எங்கள் பள்ளியில் இளம் ஆசிரியர் ஒருவர் இருந்தார். தம்பி முறையாகவே பழகுபவர். மறுநாள் அவரிடம் கணினியைக் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கள் மென்பொருள் கெடவில்லை. அது நிற்பதற்கான தரைதான் போய்விட்டது" என்றார்.

அவர் விளக்கியதை எளிய முறையில் சொல்கிறேன். என்னுடைய மென்பொருள் 32 பிட் கணக்கில் எழுதப்பட்டது. அத்தகைய செயலி இயங்க வேண்டுமானால், இயங்குதளத்தின் உள்ளேயும் 32 பிட் துணை நிரல்கள் இருக்க வேண்டும். முந்திய பதிப்பாகிய மொஹாவி வரை அவை இருந்தன. கேட்டலினாவில் அவை முற்றாக நீக்கப்பட்டு 64 பிட் மட்டுமே எஞ்சியது. மீட்டர் கோல் மட்டுமே வைத்திருக்கும் துணிக்கடையில் முழக்கணக்கில் கேட்பது போலத்தான். கேட்பவர் மொழி தவறில்லை. அளந்து கொடுக்க அங்கே கருவி இல்லை.

"முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். சிரித்தார். 2018 ஏப்ரலிலிருந்தே, 32 பிட் செயலியைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்ததாம். நினைத்துப் பார்த்தேன். ஆம், வந்தது. படிக்காமலேயே 'சரி' என்று அழுத்தியிருக்கிறேன். வினாத்தாளின் கட்டளையைப் படிக்காமல் விடை எழுதும் மாணவர்களை நான் எத்தனை முறை கண்டித்திருப்பேன்!

சந்தா முறையில் கிடைக்கும் புதிய மென்பொருளை வாங்கியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆண்டில் இரண்டு மாதங்கள் மட்டுமே பயன்படும் ஒன்றுக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்த எனக்கு மனம் வரவில்லை. முறையாக விலை கொடுத்து வாங்கிய வட்டு கையில் இருந்தது. ஆகவே பழைய தரையை வேறோர் இடத்தில் மீண்டும் அமைப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் என் கோப்புகள் அனைத்தையும் ஒரு விரலியில் படியெடுத்தோம். பிறகு மொஹாவி நிறுவியைப் பதிவிறக்கம் செய்தோம். ஏறத்தாழ 6 கிகாபைட். தோட்டத்து இணைய வேகத்தில் வெள்ளி இரவு முழுவதும் ஓடியது. புதிய பதிப்பின் மேல் பழையதை நேரடியாக நிறுவ இயலாது. எனவே முனையத்தில் ஒரு கட்டளையைத் தட்டி, இன்னொரு விரலியை நிறுவும் வட்டாக மாற்றினார் தம்பி. சனிக்கிழமை, வெற்று வெளிவன்தட்டு ஒன்றில் மொஹாவியை நிறுவினோம். 'ஆப்ஷன்' விசையை அழுத்திக்கொண்டே கணினியைத் திறந்தால், எந்த இயங்குதளத்திலிருந்து தொடங்குவது என்று கேட்கும். மடிக்கணினியில் கேட்டலினா இருந்தபடியே இருக்க, வெளிவன்தட்டிலிருந்து மொஹாவி எழுந்தது. மென்பொருளின் வரிசை எண்ணைத் தேடத்தான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அதன் பெட்டி என் புடவை அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

திங்கட்கிழமை காலை, ஆசிரியர் அறையில் மென்பொருளை நிறுவி இதழின் கோப்பைத் திறந்தேன். பக்கங்கள் வந்தன, படங்களும் வந்தன. ஆனால் எழுத்துகள்! எல்லாப் பக்கங்களிலும் இளஞ்சிவப்புப் பின்னணியில், தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த உரோமன் எழுத்துகளே நிறைந்திருந்தன. ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து ஓய்வு மணி அடித்தது. அவன் வந்து நின்றான். நாள்தோறும் வருபவன்தான். "டீச்சர், என் கதை புத்தகத்தில வந்துருச்சா?" மறைக்க நேரமில்லை. திரையில் இருந்தது அவனுடைய பக்கமே. அவன் வரைந்து கொடுத்த விளக்கின் படம் அதன் மேலே இருந்தது. "இதுதான்பா உன் கதை. எழுத்து மட்டும் மாறிப்போயிருக்கு. டீச்சரால இப்ப படிக்க முடியல" என்றேன்.

சற்று நேரம் திரையையே பார்த்தான். "எனக்கு முன்னாடியெல்லாம் எல்லாப் புத்தகமும் இப்படித்தான் டீச்சர் தெரியும்" என்றான். அவன் குரலில் வருத்தம் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாகவே அவன் நினைத்திருக்க வேண்டும். "அப்புறம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுச் சிற்றுண்டிச் சாலைக்கு ஓடிவிட்டான்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் எழுத்தைக் கற்பித்து வருகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் வாசிப்புச் சிக்கல் பற்றிய பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். எழுத்து தெரியாத குழந்தையின் கண்ணுக்கு ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

சிக்கல் எழுத்துருவில் இருந்தது. எங்கள் இதழின் வார்ப்பு பல ஆண்டுகளுக்கு முன் உருவாக்கியது. அதில் டிஸ்கி குறியேற்ற எழுத்துருவையே நான் தொடர்ந்து பயன்படுத்தி வந்தேன். யூனிகோடு பரவலாவதற்கு முன், உலகெங்கும் இருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சல்வழி கலந்து பேசி வகுத்த ஏற்பாடு அது. ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தியது. உரிய எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லையேல் அந்த இடத்தின் பழைய குடியிருப்பாளரே எட்டிப் பார்ப்பார். நாங்கள் கோப்பைப் படியெடுத்தோமே தவிர எழுத்துருவை எடுக்கவில்லை. அது பயனரின் நூலகக் கோப்புறைக்குள் இருந்தது. அக்கோப்புறை வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாது. மீண்டும் கேட்டலினாவில் நுழைந்து, எழுத்துருக்களை எடுத்து வந்து மொஹாவியில் வைத்தோம். நண்பகலில் கோப்பைத் திறந்தபோது, 'பாட்டியின் விளக்கு' என்ற தலைப்பு தமிழில் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அச்சகத்திற்குப் பிடிஎஃப் கோப்பு போய்விட்டது. பள்ளியின் கடைசி நாள் காலையில் இதழ் வந்தது. அவனுடைய பாட்டியும் வந்திருந்தார். மண்டபத்து வாசலில் நின்று, விரலை வரிக்கு வரி வைத்து, பதினொரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டினான். ஓரிடத்தில் தடுமாறினான், தானே திரும்பப் போய்ச் சரியாகப் படித்தான்.

விடுமுறையில் பழைய இதழ்களின் கட்டுரைகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றினேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். டிஸ்கியில் 'கெ' என்று எழுத, நம் மாணவர்கள் கையால் எழுதுவது போலவே, கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் சேமிக்கப்படும். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னால். ஒன்று கண்ணின் வரிசை, மற்றது காதின் வரிசை. இந்த வரிசையை மாற்றியமைப்பதற்கு மாற்றி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் மாற்றிய பின் ஒருமுறை வரிவரியாகப் படித்துத் திருத்துவது கட்டாயம்.

இயங்குதளத்தை மாற்ற எண்ணும் நண்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். மாறுவதற்கு முன் கணினி முழுவதையும் வெளிவன்தட்டில் காப்புநகல் எடுங்கள். நீங்கள் நம்பியிருக்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் புதிய பதிப்பில் இயங்குமா என்று விசாரியுங்கள். விண்டோஸ் 11 64 பிட் வடிவில் மட்டுமே வெளிவருகிறது. 32 பிட் செயலிகள் பெரும்பாலும் அதில் இயங்கும். ஆனால் மிகப் பழைய 16 பிட் நிரல்கள் இயங்கமாட்டா. பழைய கல்வி வட்டுகள் சிலவற்றின் நிறுவி அந்த வகையாக இருக்கக்கூடும். எழுத்துருக்களையும் வரிசை எண்களையும் தனியே ஓரிடத்தில் வையுங்கள். ஒவ்வொரு படைப்பையும் பிடிஎஃப் ஆகவும் யூனிகோடு உரையாகவும் இரண்டு வடிவில் சேமியுங்கள். பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் பார்வைக்குத் தமிழாக இருந்தாலும், அதிலிருந்து படியெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் புரியாத எழுத்துகளே வரும். எச்சரிக்கை வந்தால், 'சரி' என்று அழுத்துமுன் அதைப் படியுங்கள்.

இப்போது என் மேசைக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. 2020-இலிருந்து மாணவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த தாள்கள் அனைத்தும் அதில் உள்ளன. மேசை முன்போல் தூய்மையாக இல்லை. அந்தப் பதினொரு வரி இதழிலும் கணினியிலும் பத்திரமாக உள்ளது. அவன் கையெழுத்தில் இருந்த தாள் மட்டும் என்னிடம் இல்லை.

உங்கள் பள்ளியிலும் இல்லத்திலும் இத்தகைய அனுபவம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை