மீட்டரில் மறைந்திருந்த மைல்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அந்த இளைஞன் மாமாவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்து சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. பெரிய மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்கான 'பி' உரிமத்தையும் எடுத்துவிட்டான். ஈப்போவில் ஒருவர் தம்முடைய 650 சி.சி. மோட்டார் சைக்கிளை 14,000 ரிங்கிட்டுக்கு விற்கப்போவதாக நண்பன் மூலம் கேள்விப்பட்டு, 500 ரிங்கிட் முன்பணமும் அனுப்பியிருந்தான்.

"பார்க்காமலேயே முன்பணமா?" என்று கேட்டார் மாமா.

"28,000தான் ஓடியிருக்கிறதாம், மாமா. விட்டால் வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள்."

மாமா பதில் பேசவில்லை. முப்பது ஆண்டுகள் மோட்டார் பட்டறையில் உழைத்தவர் அவர். சிறிய கைவிளக்கு ஒன்றையும் பழைய துணி ஒன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஈப்போவில் அவர்களை வரவேற்றவர் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர். வீட்டின் முன் நின்ற மோட்டார் சைக்கிள் வெயிலில் பளபளத்தது. இளைஞனின் கண்கள் அதைவிட்டு அகலவில்லை. மாமாவோ குனிந்து, கைப்பிடிக்குக் கீழே அடிச்சட்டத்தில் படிந்திருந்த அழுக்கைத் துடைத்தார். அங்கே 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் தெரிந்தது. அதையும் இயந்திர எண்ணையும் வாகன உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் சரியாகவே இருந்தன.

"முதல் எழுத்து 'ஜே'. அப்படியென்றால் ஜப்பானில் செய்யப்பட்டது," என்றார் மாமா. பிறகு அருகில் ஒட்டப்பட்டிருந்த சிறிய வில்லையின்மீது விளக்கைப் பிடித்தார். அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்ட வண்டி என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. "ஆனால், அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்திருக்கிறார்கள். ஒரு வண்டி எங்கே செய்யப்பட்டது என்பது வேறு. எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பது வேறு."

"அதனால் என்ன, மாமா?"

"அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்த மீட்டரை நன்றாகப் பார்."

இளைஞன் குனிந்து பார்த்தான். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களுக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில் 'மைல்ஸ்' என்று இருந்தது. வேகத்தைக் காட்டும் பெரிய எண்களும் மைல் கணக்கில்தான் இருந்தன. உள்வட்டத்தில் இருந்த கிலோமீட்டர் எண்கள் வெயில் பட்டு மங்கிப் போயிருந்தன.

ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். அவன் கைத்தொலைபேசியில் பெருக்கிப் பார்த்தான். 28,000 மைல் என்பது 45,000 கிலோமீட்டர்! அவன் முகம் வாடியது. ஏமாற்றப்பட்டோமோ என்ற சந்தேகத்துடன் உரிமையாளரை நிமிர்ந்து பார்த்தான்.

அவரோ வியப்புடன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன ஆண்டுதான் இதை வாங்கினேன். எப்போதாவதுதான் ஓட்டுவேன். 60 கிலோமீட்டர் கட்டுப்பாடு உள்ள சாலையில் முள் 60-ஐத் தாண்டாமல்தான் ஓட்டினேன். அப்படியும் வேகமாக ஓட்டியதாகச் சம்மன் வந்தது. யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன்!"

"நீங்கள் 96 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறீர்கள், ஐயா," என்றார் மாமா. மூவரும் சிரித்துவிட்டனர். ஆனால், இளைஞனின் சிரிப்பு விரைவில் அடங்கியது. அதே வேகத்தில் பள்ளிக்கூடத்தைக் கடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்தான்.

மாமா டயரின் பக்கவாட்டைக் காட்டினார். அதில் '0914' என்ற நான்கு எண்கள் இருந்தன. 2014ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்பது அதன் பொருள். பள்ளம் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகி, ஓரத்தில் வெடிப்புகள் ஓடியிருந்தன.

"தெரிந்த பிறகு பழைய விலையைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, தம்பி. 11,500 கொடுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன்," என்றார் உரிமையாளர்.

"முடிவு உன்னுடையது," என்று மாமா ஒதுங்கிக்கொண்டார்.

இளைஞன் இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினான். நடந்ததைக் கேட்ட அம்மா, "எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு வேகம் போகும் என்றெல்லாம் விசாரித்தாய். நினைத்த இடத்தில் நிற்குமா என்று கேட்டாயா?" என்றார். அன்றிரவு அவன் ஒரு தாளை எடுத்தான். புதிய டயர்கள், பிரேக் கட்டைகள், சங்கிலி, முன்விளக்கு, கிலோமீட்டர் மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை எழுதிக் கூட்டினான். விலையில் குறைந்த 2,500 ரிங்கிட்டுக்குள் பெரும்பாலானவை அடங்கின. அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்ட சில உதிரிபாகங்களுக்குக் காத்திருக்க நேரிடும் என்பதையும் மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். அதன் பிறகே வாங்குவதென்று முடிவெடுத்தான்.

வாகனப் பரிசோதனையும் பெயர் மாற்றமும் முடிந்தன. முதல் வேலையாக டயர்களையும் பிரேக் கட்டைகளையும் மாற்றினான். பராமரிப்புக்கென்று ஒரு குறிப்பேடு வாங்கி, முதல் பக்கத்தில் இப்படி எழுதினான்: "வாங்கியபோது 28,140 மைல், அதாவது 45,287 கிலோமீட்டர்."

"எண் பொய் சொல்லாது. ஆனால், எந்த அளவில் சொல்கிறது என்று கேட்காதவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வான்," என்றார் மாமா, அதைப் படித்துவிட்டு.

சில மாதங்கள் கழித்துத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அந்த மோட்டார் சைக்கிளை ஆசையுடன் சுற்றிப் பார்த்தான்.

"மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கிறது, அண்ணே?"

"அதைச் சொல்வதற்கு முன்னால் இதைப் பார்," என்று அவன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினான்.