எங்கே எழுதியிருக்கிறது?

இங்கிலாந்து நாட்டிற்கு ஒரே நூலாகத் தொகுத்து எழுதிய அரசியலமைப்புச் சட்டம் கிடையாது. பாராளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் மறுக்கலாகாது என்று அங்கே எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆயினும் 1708-இல் ஆன் அரசி மறுத்ததே கடைசி. மரபே அங்கு சட்டமாக நிற்கிறது.

இயற்பியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆரணியில் தறிவீட்டில் பிறந்தவனுக்கு இது அன்னியமான செய்தியன்று. எங்கள் தெருவில் முன்பணம் வாங்கிய நெசவாளி, அது தீரும்வரை வேறொருவருக்கு நெய்யக்கூடாது. இடம் மாறினால் புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டி அழைத்துக்கொள்ள வேண்டும். மழையில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்றால், அந்த மாதக் கூலியில் முன்பணத்தைப் பிடிக்கக்கூடாது. இவற்றுக்குப் பத்திரம் ஏது? இருப்பது முதலாளியின் கணக்கு நோட்டு ஒன்றுதான். என் அப்பாவோ கைநாட்டு.

ஓர் ஐப்பசியில் எங்கள் கூலியில் பணம் பிடித்துவிட்டார்கள். "வழக்கம் அப்படி இல்லீங்களே" என்றார் அப்பா. "எங்கே எழுதியிருக்கு?" என்று பதில் வந்தது.

நாட்டிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதியே தலைமை நீதிபதியாவார் என்பது மரபு. அரசியலமைப்பின் 124-ஆம் பிரிவில் அப்படியொரு சொல் இல்லை. 1973 ஏப்ரலில் ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி ஏ.என்.ரே நியமிக்கப்பட்டார். மூவரும் அரசுக்கு உவப்பில்லாத தீர்ப்பு எழுதியவர்கள். மூவரும் பதவி விலகினர். நெருக்கடி நிலையின்போது தனித்து நின்று தீர்ப்பெழுதிய எச்.ஆர்.கன்னாவுக்கும் 1977-இல் இதே கதிதான். 1993-இல்தான் உச்ச நீதிமன்றம் அம்மரபைத் தன் தீர்ப்பில் எழுதி வைத்தது.

மரபை மீறிவிட்டு 'எங்கே எழுதியிருக்கிறது' என்று கேட்க வலியவர்களுக்கே முடிகிறது. நெசவாளி மீறினால் மறுநாளே பாவு நின்றுவிடும்! ஏழெட்டுத் தறிக்காரர்கள் சேர்ந்து போய்ப் பேசிய பிறகே எங்கள் பணம் திரும்பியது.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு உண்டு. வந்த பாவு, பெற்ற கூலி, பிடித்த தொகை எல்லாவற்றையும் தேதியிட்டு நான் எழுதுகிறேன். மழைக்கால வழக்கத்தையும் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கலாமே என்றேன். அப்பா இசையவில்லை.

"எத்தனை நாள் மழைன்னு எழுதுவே? நாலு நாள்னு எழுதினா அஞ்சாம் நாள் பிடிச்சிடுவாங்கப்பா."

சட்டக் கல்லூரியில் இதற்கு என்ன விடை சொல்வார்களோ, நான் அறியேன்.