எலும்பு மூட்டை

எங்கள் தெருவில் விசேஷ வீடுகளுக்கெல்லாம் கைமாறிப் போய்வரும் எவர்சில்வர் அண்டா ஒன்று உண்டு. அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். கொடுத்தவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், தேதி எல்லாம் இருக்கும். வாங்கியவர் பெயருக்குத்தான் இடமில்லை. யார் வீட்டு அடுப்பில் ஏறினாலும் சாம்பாருக்கு முன்னால் அந்த மகராசனின் ஜாதகத்தைப் படித்தாக வேண்டும். கொடுத்ததைச் சொல்லிக்கொள்ளத் துடிக்கும் இந்த ஆசை பிறவியிலேயே வருவதா, பழகிக்கொண்டதா என்று நானும் நெடுநாளாக யோசிக்கிறேன்.

யோசித்தால் ரிச்சர்ட் லீயின் எருது வந்து நிற்கும். லீ கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர். 1963இல் இன்றைய போட்ஸ்வானாவின் வடமேற்கில், காலஹாரியின் டோபே நீர்நிலையருகே வாழ்ந்த ஜூஹோவான்சி மக்களிடம் போனார். வேட்டையாடியும் கிழங்கு, கொட்டை சேகரித்தும் அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதே அவருடைய ஆராய்ச்சி. தான் சோறு போட்டால் கணக்குக் கெட்டுவிடும் என்பதால் தன் உணவை யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தார். மறுநாள் சாப்பாட்டைக்கூடச் சேர்த்துவைக்காத மனிதர்களுக்கு நடுவே இரண்டு மாதத்துக்கான டப்பா உணவோடு ஒருவர் கூடாரம் போட்டிருந்தால் ஊர் என்ன சொல்லும்? மகா கஞ்சன் என்றது.

அந்தப் பெயரைக் கழுவ லீ கிறிஸ்துமஸை நம்பினார். மாடு வளர்க்கும் அண்டை இனத்தார் அந்தப் பண்டிகைக்கு ஓர் எருது அடித்து இவர்களுக்கு விருந்து வைப்பது அப்போது அங்கே வழக்கம். அந்த அண்டை இனங்களில் ஒன்றான ஹெரேரோவைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து, கிடைத்ததிலேயே பெரிய கறுப்பு எருதாகப் பார்த்து வாங்கினார். எடை 540 கிலோவுக்குக் குறையாது.

செய்தி பரவியதும் முதலில் வந்தவள் ஒரு மூதாட்டி. இந்த எலும்பு மூட்டையையா வாங்கினாய் என்று கேட்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கிழட்டு மாடு, கொம்பைத்தான் கடிக்க வேண்டும், அரைவயிறோடு படுக்கப்போகிறோம், கறிக்குச் சண்டை வந்து வெட்டுக்குத்தில் முடியப்போகிறது என்று ஆளுக்கொரு விதமாகத் துக்கம் விசாரித்தார்கள். லீ தன் கண்ணையே சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டார். பண்டிகையன்று மாட்டை அறுத்தால் மார்பில் இரண்டு அங்குலத் தடிமனுக்குக் கொழுப்பு. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு நாள் ஆட்டமும் தீனியும் நடந்தன. யாரும் அரைவயிறோடு படுக்கவில்லை.

ஏன் இப்படி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனார். டொமாசோ என்ற வேட்டைக்காரர் விளக்கினார். பெரிய மிருகத்தை வீழ்த்திய இளைஞன் தன்னைத் தலைவன் என்றும் மற்றவர்களைத் தன் வேலைக்காரர்கள் என்றும் எண்ணத் தொடங்குவான். அந்தக் கர்வம் ஒருநாள் கொலையில் கொண்டுவிடும். அதனால் அவன் கறியை எப்போதும் மட்டம்தட்டி அவன் நெஞ்சைக் குளிரவைக்கிறோம் என்றார். இதையெல்லாம் லீ 1969 டிசம்பரில் 'நேச்சுரல் ஹிஸ்டரி' இதழில் எழுதினார். ஒரு வருஷம் புகையிலையையும் மருந்தையும் தன் கையில் வைத்துக்கொண்டு அளந்து அளந்து கொடுத்த தன்னை அந்த மக்கள் சரியாகவே எடைபோட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது.

அந்த நாளில் அந்த ஊரில் வேட்டைக்காரன் தன் பங்குக்கு, ஒன்றும் அகப்படவில்லை, ஏதோ சின்னதாக ஒன்று பட்டது என்று முனகுவான். அப்படியென்றால் பெரிதாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கறியைப் பங்கு வைக்கும் உரிமையும் எய்தவனுக்குக் கிடையாது. எந்த அம்பு பட்டதோ அந்த அம்பின் சொந்தக்காரருக்குத்தான். அம்புகளோ இரவலும் பரிசுமாக ஊரெல்லாம் சுற்றும். ஆகவே குறி தப்பாத கை ஒருவனுடையது. பங்கு வைக்கும் பெருமை வேறொருவருடையது. இந்த ஏற்பாட்டை யோசித்துச் செய்த புண்ணியவான் யாரோ!

இவர்கள் பிறவிச் சாதுக்கள் என்று யாரும் உருகிவிட வேண்டாம். கிறிஸ்டோஃபர் போம் என்ற மானிடவியலாளர் பல சமூகங்களை ஒப்பிட்டு ஒன்றைச் சொன்னார். பிறரை அடக்கப் பார்ப்பதும், தன்னை அடக்குகிறவனை வெறுப்பதும் மனிதனுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. எளிய வேட்டைச் சமூகங்களில் பலவீனர்கள் கூட்டுச் சேர்ந்து பலசாலியை இறக்கிவைக்கிறார்கள். கேலி அதற்கு முதல் ஆயுதம். அதில் அடங்காதவனை ஒதுக்கிவைப்பதும் உண்டு, கொன்றதும் உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் கதை தலைகீழ். அங்கே 'பாட்லாட்ச்' விருந்தில் பூர்வகுடித் தலைவர்கள் கம்பளிகளை அள்ளி அள்ளிக் கொடுத்தே தங்கள் பட்டத்தை நிலைநாட்டினார்கள். கனடா அரசு 1885 முதல் 1951 வரை அதைத் தடைசெய்தும் வைத்திருந்தது. அங்கும் காலஹாரியிலும் மனிதனுக்கு ஆசை ஒன்றுதான். ஊர் அதற்குக் கைதட்டுகிறதா, சிரிக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

டோபேயிலும் சிரிப்பு மட்டும் போதவில்லை. தொல்லியலாளர் ஜான் யெல்லன் அங்கே தோண்டியும் பார்த்தும் எழுதிய கட்டுரை 1990இல் வந்தது. முன்பு குடிசைகள் வட்டமாக, வாசல் வாசலைப் பார்த்து நெருங்கி நின்றன. யார் என்ன தின்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆடு மாடும் காசும் வந்த பிறகு குடிசைகள் விலகின, அடுப்பு உள்ளே போனது, பொருள்கள் பூட்டிய பெட்டிக்குள் போயின. பூட்டியிருக்கும் பெட்டியை யார் எப்படி எலும்பு மூட்டை என்று கேலிசெய்வது?

தன்னடக்கத்தைத் தனிமனிதனின் குணம் என்று நாம் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். அது அவனைச் சுற்றியிருப்பவர்கள் ஓயாமல் பார்க்க வேண்டிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே, நீங்கள் ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டுபோன பட்டுப்புடவையைத் தடவிப் பார்த்து ஓர் அத்தை, "சாயம் நிக்குமாடா?" என்று கேட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். குடும்பத்துக்கு ஒருவராவது அப்படி இருப்பது நல்லது.