மூன்று வயரும் முந்தல் களப்பும்

ஆகஸ்ட் 4, உடப்பு

களப்போரத்து இறால் பண்ணையில் ஒட்சிசன் அளக்கும் பெட்டி மறுபடி செத்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் சில நாள் எழும்புகிறது, சில நாள் இல்லை. செய்து கொடுத்த கொழும்புக்காரர்களைக் கேட்டால், "எங்கட மேசையில ஓடுது" என்கிறார்கள். உள்ளே லினக்ஸ். திரை இல்லை, நெட் வருமுன்பே சாகிறது. மிச்சம் சீரியல் வழிதான். பண்ணையில் நிற்கும் மச்சானிடம் பழைய லப்டொப்பையும் மூன்று வயரையும் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5

முதலில் ஒன்றும் வரவில்லை. "ரெண்டு வயரையும் மாத்திக் குத்து. அது பேசுறது இதுக்குக் கேக்கணும்." பிறகு, "கட்டமும் கேள்விக்குறியுமா வருது" என்றான். சீரியல் வேகத்தை 9600இலிருந்து 115200 ஆக்கியதும் எழுத்து ஓடியது. பகல் முழுக்கப் பன்னிரண்டு தடவை அணைத்துப் போட்டோம். ஒருமுறையும் சாகவில்லை.

"விடியக்காலையிலதான் சாகும்" என்றான் மச்சான், சாதாரணமாக. இதை நேற்றே கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

மூலநிரல் கையில் இருக்கிறது. ஜிபிஎல் உரிமம், கேட்டால் தரத்தான் வேண்டும். ஓடும் கேர்னலை நிறுத்திப் பார்க்க உதவும் கே.ஜி.டி.பி. சேர்த்துக் கேர்னலைக் கட்டினேன். 2008இல், 2.6.26 பதிப்பிலேயே உள்ளே வந்த வசதி. வீட்டிலிருந்தபடி அந்த லப்டொப் வழியாகக் கேர்னலை நிறுத்திப் பார்த்தால், ஒரு நிமிடத்துக்குள் பெட்டி தானாக மறுபடி தொடங்குகிறது. வாட்ச்டாக்! நேரத்துக்குச் சோறு கிடைக்காவிட்டால் பெட்டியை மறுபடி தொடங்கவைக்கும் காவல்நாய். கேர்னல் உறைந்து நின்றால் அந்த நாய்க்குச் சோறு போட ஆளில்லை. அதைக் கட்டிப்போட்டேன்.

ஆகஸ்ட் 7

நான்கு மணிக்குக் கரண்ட் போய் 4:40க்கு வந்தது. பிழை அகப்பட்டது.

இரவில் பாசியும் மூச்சுவிடும், ஒட்சிசன் செய்யாது. விடியும் நேரம்தான் குளத்தில் மிகக் குறைவு. கரண்ட் இல்லாமல் குளத்துக்குக் காற்றூட்டும் சக்கரமும் நின்றிருந்தது. சென்சர் அபாயக் கம்பியை ஏற்கெனவே இழுத்து வைத்திருக்கிறது. டிரைவரோ இன்டரப்டைத் திறந்துவிட்டு, அடுத்த வரியில்தான் தரவுக்கு இடம் ஒதுக்குகிறது. திறந்த கணமே இன்டரப்ட் பாய்கிறது, முகவரி பூச்சியம், கேர்னல் விழுகிறது. கொழும்பு மேசையில் சென்சர் காற்றில் தொங்கியிருக்கும். அதற்கு எந்த அபாயமும் இல்லை.

ஆகஸ்ட் 8

இரண்டு வரியை இடம் மாற்றினேன். விடியலுக்குக் காத்திருக்கவில்லை, மச்சான் அபாயக் கம்பியைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் போட்டான். பழைய கேர்னல் உடனே விழுந்தது. புதியது இருபது தடவையும் எழும்பியது.

"வயரைக் கழட்டவா?"

அறுவடை முடியும்வரை கிடக்கட்டும் என்றேன்.