குழி முடிந்த பிறகு

இலங்கையில் காட்டு நாய் என்று ஒரு பிராணி இல்லை. இந்தியக் காடுகளில் கூட்டமாக வேட்டையாடும் செந்நாய் நமது தீவில் வாழ்வதில்லை. நாய்க் குடும்பத்தில் இங்கு இயற்கையாகக் காட்டில் வாழ்வது நரி மட்டுமே. பல வருடங்களாகச் சுற்றாடல் பாடத்தில் நான் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எனது பிள்ளைகள் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. "இருக்கு சேர், எங்க மலைக்கு மேல இருக்கு" என்பார்கள். புத்தகத்தைக் காட்டினால் புத்தகத்தைப் பார்ப்பார்கள். பிறகு மலையைப் பார்ப்பார்கள்.

நான் மாவனெல்லைக்காரன். ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய சில வருடங்களில் நிவித்திகலப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றுக்கு நியமனமாகி, இரண்டு வருடத்தில் இடமாற்றம் எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். மேலே தேயிலையும் ரப்பரும், கீழே வயலும் ஓடையும், வயலுக்கடியில் மாணிக்கமும் உள்ள ஊர் இது. எமது சமூகத்தில் கல்லைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் குறைவு. பேருவளை சீனன்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் கையை மூடித் திறந்தால் ஒரு நீலக்கல்லோ புஷ்பராகமோ இருக்கும். ஆனால் அந்தக் கல் வெளியே வந்த குழியின் வாயில் நின்று கீழே எட்டிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நானும் இங்கு வரும்வரை பார்த்ததில்லை.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, பால்மா இல்லை. பாடசாலைகளைச் சில வாரம் மூடிவைத்துவிட்டு, யூலை மாதக் கடைசியில் வாரத்துக்கு மூன்று நாள் என்று திறந்தார்கள். சம்பளம் வந்த கையோடு கரைந்தது. அந்நாட்களில் எங்கள் பக்கம் ஆண்களெல்லாம் மீண்டும் மண்ணைத் தோண்டப் புறப்பட்டார்கள். எனக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெரியவர், நாற்பது வருடம் குழியில் கிடந்தவர், ஒருநாள் வேலியோரம் வந்து, "மாஸ்டர் சும்மாதானே இருக்கிறீர்கள், ஒரு இடம் பார்த்து வரலாம், வாருங்கள்" என்றார். நான் அவரை அய்யா என்றுதான் அழைப்பேன். என்னிடம் படித்து, சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்டுக் குழிக்குப் போன மலையகப் பையன் ஒருவனும் எங்களோடு சேர்ந்துகொண்டான். இடம் கிடைத்தால் காணிக்காரரோடு பேசி, முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்து, நானும் சிறு பங்கு போடலாம் என்பது யோசனை. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. அவளது காதில் கிடந்ததை அடகு வைத்துத்தான் அந்தப் பங்கு போட்டாக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

இடம் பார்ப்பதற்கு இல்லங்கூர என்ற நீளமான இரும்புக் கம்பியொன்று இருக்கிறது. மாணிக்கம் கலந்த கூழாங்கல் மண்ணுக்கு இல்லம் என்று பெயர். களிமண்ணுக்கும் மணலுக்கும் கீழே படிந்து கிடக்கும் அந்த இல்லத்தைத் தோண்டாமலே தேடும் கருவி இது. மூன்று பேர் சேர்ந்து கம்பியை மண்ணுக்குள் இறக்குவார்கள். களியில் அது சத்தமில்லாமல் போகும். இல்லத்தில் தட்டுப்பட்டால் நுனி கரகரவென்று அரைபடும். அந்த அரைபாடு கம்பி வழியே ஏறி உள்ளங்கைக்கு வரும். அய்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வெளியே இழுத்து, நுனியிலுள்ள கீறலைப் பார்ப்பார், ஒட்டிய மண்ணை விரலில் தேய்த்துப் பார்ப்பார். இத்தனைக்குப் பிறகும் கீழே கல் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. கல் இருக்கக்கூடிய மண் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். இதற்கிடையில் வேறு பொருட்களும் வரும். இந்தப் பிரதேசத்துக் குழிகளிலிருந்துதான் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. குருவிட்டையில் கிடைத்த பற்களைக்கொண்டு, இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்று 1939இல் பி.ஈ.பி. தெரணியகல எழுதினார். கொடியில் மட்டும் இருப்பதாக நாம் நினைக்கும் சிங்கம், நம் குழியில் இருந்திருக்கிறது.

நாங்கள் போனது கைவிடப்பட்ட தேயிலை மலையொன்று. செடிகள் ஆளுயரத்துக்கு மரமாகிவிட்டன. அடியில் ஓடையை ஒட்டி இரண்டு பழைய குழிகள் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. வாடியிருந்த இடத்தில் நான்கு கம்பங்கள் மட்டும் நின்றன. மழை விட்டு விட்டுத் தூறியது. கம்பியை மூன்றாவது இடத்தில் இறக்கிக்கொண்டிருந்தபோது பையன்தான் முதலில் கையை எடுத்தான்.

"சேர், அசையாதீங்க."

தேயிலைக்குள்ளிருந்து நாய்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்பது என்று பிறகு எண்ணிச் சேர்த்தோம். தெரு நாய் குரைத்துக்கொண்டு வரும். குரைப்பது ஒரு வகையில் நம்மோடு பேசுவது. இவை வாயைத் திறக்கவில்லை. நேராகவும் வரவில்லை. இரண்டு முன்னே நின்றன, மற்றவை பக்கவாட்டில் பிரிந்து எங்களுக்குப் பின்னால் ஓடைப்பக்கம் போயின. விலா எலும்பு தெரிய, நனைந்து, தலையைத் தாழ்த்தி, எங்கள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தன. என் தொடை நடுங்கியது. ஓடவேண்டும் என்று உடம்பு முழுவதும் சொல்லியது. "துவன்ன எப்பா" என்றார் அய்யா மெதுவாக. ஓடாதே. கம்பியை விட்டுவிடவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம், முதுகோடு முதுகாக நில்லுங்கள் என்றார். கலிமாவைச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

முன்னால் நின்ற இரண்டில் ஒன்று வெள்ளைப் பெட்டை. ஒரு காது கிழிந்திருந்தது. கழுத்தைச் சுற்றி முடியில்லாத வளையம் ஒன்று, நைலோன் கயிறு அறுத்த தழும்பு. அய்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரலில், "சுதீ... சுதீ, மேங்" என்றார்.

அது நின்றது. தலை நிமிர்ந்தது. வால் ஒரு தடவை, ஏதோ மறந்துபோன வேலையைச் செய்வதுபோல் அசைந்தது. மற்றவை எங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்தன. அய்யா தொடர்ந்து ஏதேதோ பேசினார், திட்டினார், மகளே என்றார். சுதீ வந்து அவரது காலை முகர்ந்து, பையனை முகர்ந்து, கடைசியில் எனது ஈரச் சாரனில் மூக்கை வைத்து நீண்ட நேரம் மூச்சை இழுத்தது. எங்களிடம் இருந்த சோற்றுப் பொட்டலங்கள் மூன்றையும் அவிழ்த்துத் தூரமாக வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினோம். இளம் நாய்கள் சோற்றிலும் உடனே வாய்வைக்கவில்லை. எங்களில் ஒருவர்கூட ஒன்றும் பேசாமல் தார்ப்பாதை வரை வந்தோம்.

மதகில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபிறகு அய்யா சொன்னார். அந்தக் குழியில் அவர் இரவுக் காவல் இருந்திருக்கிறார். தோண்டிய இல்லத்தை அன்றன்றே கழுவுவதில்லை. மேலே குவித்துவைத்து, பங்குக்காரர் எல்லோரும் கூடியிருக்கும் நாளில்தான் வட்டிக் கூடையில் போட்டு அரித்துக் கழுவுவார்கள். ஒருவருக்கொருவர் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பதே காரணம். அதுவரை அந்த மண்குவியல்தான் அவர்களது சொத்து. ஒரு சாக்கு இல்லத்தை இரவில் யாராவது தூக்கிப்போனால், அதற்குள் என்ன போனது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சாகும்வரை மனதை அரிக்கும். மோட்டர் சத்தத்தில் காவல்காரனுக்குக் காது கேட்காது. ஆகவே வாடிக்கு வாடி நாய். குட்டியாகக் கொண்டுவந்து, கட்டிவைத்து, அந்நியனைக் கண்டால் பாயப் பழக்குவார்கள். "நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம், மாஸ்டர்" என்றார்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். இரண்டு நாளில் திரும்பலாம் என்று எல்லோரும் கயிற்றை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மோட்டர் நின்றதால் குழியில் தண்ணீர் ஏறியது, பக்கச்சுவர்களுக்கு அடைத்திருந்த கெகில்ல இலையும் கட்டைகளும் சரிந்தன. பங்குக்காரர்களிடம் மீண்டும் தொடங்கக் காசில்லை. தகரத்தைக் கழற்றிப் போனார்கள், மோட்டரைக் கொண்டுபோனார்கள், நல்ல மரங்களையும் எடுத்தார்கள். சுதீயும் இன்னும் இரண்டும் அங்கேயே இருந்தன. நாங்கள் கண்ட மற்ற ஆறும் அதற்குப் பிறகு தேயிலைக்குள் பிறந்தவை. அவற்றுக்குப் பெயரில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு எதையும் கொடுத்தவர் இல்லை.

குழி தோண்ட அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது, வேலை முடிந்ததும் குழியை மூடுவதற்காகப் பிணைப்பணம் கட்டவேண்டும். நாய்களைப் பதிவுசெய்யவும் 1901ஆம் ஆண்டிலிருந்தே ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. வாடி நாய் எந்தப் பதிவிலும் வராது. எந்தப் பிணையும் அதற்கு இல்லை.

அன்று வீட்டு வாசலில் மனைவி என்னை நிறுத்தினாள். "சாரன்ல என்ன? நாய் பட்டிச்சா?" என்றாள். பட்டது, அதுவும் ஈரத்தோடு. நாம் ஷாபிஈ மத்ஹப்காரர்கள். ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால். வேலியோரத்து மண்ணை அள்ளித் தேய்த்துக் கழுவினேன். அய்யா வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கள் ஆட்களுக்கு நாயென்றால் அவ்வளவு வெறுப்பா?" என்று கேட்டார். கேலியாக அல்ல, மனவருத்தத்தோடு கேட்டார். கழுவுவது வேறு, வெறுப்பது வேறு என்றேன். குகைத்தோழர்களின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயைப் பற்றி எங்கள் வேதத்தில் இருக்கிறது, அவர்களை எண்ணும்போது அதையும் சேர்த்தே எண்ணுகிறது என்றேன். தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் காவல் நாய்தான், இல்லையா?" என்றார்.

பேருவளையில் என் உறவினர் ஒருவர் கல் வாங்க அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போய்வந்தவர். அங்கே நீலக்கல் கிடைக்கும் வறண்ட பகுதியில் சஃபையர் என்றே ஒரு ஊர் இருக்கிறது. தனியாக மண்ணைத் தேடித் திரிகிறவர்கள் அங்கும் நாய்க்கூட்டத்துக்குத்தான் பயப்படுகிறார்களாம். டிங்கோ என்று அதற்குப் பெயர். ஆட்டு மந்தைகளைக் காக்க 5,600 கிலோமீற்றருக்கு மேல் நீளமான வேலி போட்டிருக்கிறார்கள். அந்த டிங்கோவும் ஆதியில் காட்டுப் பிராணி அல்ல. மூவாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் மனிதரோடு கடல் கடந்து போன வீட்டு நாயின் வம்சம் என்கிறார்கள். எங்கள் தேயிலை மலைக்கு இரண்டு வருடமே போதுமானதாக இருந்தது.

2023இல் எங்கள் நான்காம் தரப் பிள்ளையொன்றை அந்தக் கூட்டத்து இளம் நாயொன்று கடித்தது. பாடசாலை விட்டு லயத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில், கெண்டைக்காலில், ஆழமாக. வீட்டில் கோப்பித்தூள் வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் அதை அவிழ்த்து, குழாயடியில் உட்காரவைத்து, சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். பிள்ளை கத்தியது. தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. முச்சக்கர வண்டி பிடித்து இரத்தினபுரிக்குக் கொண்டுபோனோம். விசர்நாய்க்கடி மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் தாய் ஒருநாள் பேரை இழந்தாள். பிள்ளை தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் எந்த மருந்தும் அநேகமாக உதவாது.

அடுத்த ஞாயிறு கோயிலடியில் கூட்டம். விஷம் வைப்போம் என்றார்கள் இளைஞர்கள். அரசாங்கம் 2006இலிருந்து நாய்களைக் கொல்வதை நிறுத்தி, தடுப்பூசியும் கருத்தடையும் என்று மாறிவிட்டது என்றேன். "சேர், கடிச்சது உங்க புள்ளைய இல்ல" என்று ஒருவர் சொன்னார். அது நியாயமான பேச்சு. நான் பதில் சொல்லவில்லை. அய்யாதான் எழுந்து, விஷச் சோற்றை எங்கே வைப்பீர்கள், பிள்ளைகள் போகும் பாதையிலா, தண்ணீர் எடுக்கும் ஓடையிலா என்று கேட்டார். அங்கிருந்த ஆண்களில் பாதிப்பேர் அந்த மலைக்குழிகளில் வேலை செய்தவர்கள்.

தடுப்பூசி போடுகிறவர்கள் வலையோடு வந்த முதல் நாள் ஒரு நாயும் அகப்படவில்லை. இரண்டாம் முறை அய்யாவும் பையனும் சோற்றுச் சட்டியோடு முன்னே போனார்கள். சுதீ வந்தது. அதனோடு வாடியில் இருந்த மற்ற இரண்டும் வந்தன. பெயரில்லாதவற்றில் ஒன்று, மிகச் சிறியது, பின்னால் வந்து அகப்பட்டது. மற்ற ஐந்தும் தேயிலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஊசி போட மேலும் ஏழு மாதம் எடுத்தது. இரண்டு அதற்குள் காணாமற்போயின. பிள்ளைகள் இப்போதும் குறுக்குப் பாதையில் தனியாகப் போவதில்லை. பையன் ஊசி போட்ட ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறான்.

நாங்கள் பார்த்த இடத்தில் பின்னர் வேறு யாரோ தோண்டினார்கள். இல்லம் இருந்ததாம், கல் இருக்கவில்லையாம். என் மனைவியின் தோடு காதிலேயே இருக்கிறது.

இந்த வருடம் பாடசாலைக்குக் கீழே வயலில் புதிதாக ஒரு குழி ஆரம்பித்திருக்கிறார்கள். வாடிக் கம்பத்தில் ஒரு கறுப்புக் குட்டி கட்டியிருக்கிறது. இடைவேளையில் பிள்ளைகள் மதிலுக்கு மேலால் அதற்குப் பிஸ்கட் போடுகிறார்கள். போன கிழமை பங்குக்காரர்கள் ஆறு பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இறங்கிப் போய், குழி முடிந்ததும் இதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு பேரில் இளையவர், "எழுதித் தரவா மாஸ்டர்?" என்று கேட்டார். எழுதித் தாருங்கள் என்று கொப்பியையும் பேனையையும் கொடுத்தேன்.